பவளத் தொட்டியில் பிரச்சினையா? பாட்டிலைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. போன மே மாதம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டினார். “அண்ணா, பவளமெல்லாம் சுருங்கிக் கிடக்கு. கடையில கேட்டேன், இதை ஊத்தச் சொன்னாங்க. ஊத்தட்டுமா?” கையில் ஒரு புது பாட்டில். மேலே போய்ப் பார்த்தோம். தண்ணீரின் வெப்பம் 31.5 டிகிரி. உப்பளவு ஆயிரத்துக்கு 39. இருக்க வேண்டியது 35. அவர் தொட்டி 200 லிட்டர். வெயிலில் தினம் நாலு லிட்டர் ஆவியாகிறது. குறைந்த தண்ணீருக்குப் பதிலாக, வாராந்திர மாற்றத்துக்குக் கரைத்து வைத்திருந்த உப்புநீரையே ஆறு நாளாக ஊற்றி வந்திருக்கிறார். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தப் பாட்டிலில் இருந்த எதுவும் இதைச் சரிசெய்திருக்காது.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். அளந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும். அளக்காமல் மருந்து ஊற்றினால் ஒரு சிக்கல் மூன்றாகும். சென்னை போன்ற வெக்கையான ஊரில், 150 முதல் 250 லிட்டர் தொட்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

எதை வளர்க்கலாம் என்பது முதலில்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில், பாறை கட்டும் கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் இருக்கின்றன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவையும் அதில் அடக்கம். ராமேஸ்வரம் பக்கம் போனபோது கரையில் பொறுக்கினேன் என்று செத்த பவளக்கல்லைக் கொண்டுவந்து தொட்டியில் வைப்பதும் குற்றமே. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலம் உண்டு. அந்தச் சேதம் இன்னும் ஆறவில்லை. வீட்டு அழகுக்காக அதில் நாமும் கை வைக்கக் கூடாது.

மென்பவளங்கள் இருக்கின்றன: காளான் பவளம், சோவாந்தஸ், தோல் பவளம், நட்சத்திரப் பாலிப். சட்டப்படி இறக்குமதியானவை என்பதற்கான ஆவணத்தைக் கடையில் கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்கினால் அந்தக் கடை வேண்டாம். பாறைக்குச் செயற்கையாகச் செய்த பீங்கான் பாறை போதும். மீனில் முதலில் வாங்க வேண்டியது பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன். இதற்கான முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் நம் ஊரிலேயே உருவாக்கியிருக்கின்றன. கடலில் பிடித்த மீனைவிடத் தொட்டியில் பிறந்த மீன் சீக்கிரம் தீனி எடுக்கும், நோயும் குறைவு.

மென்பவளம் மட்டும் வைப்பதில் இன்னொரு நன்மை. வெளிநாட்டு வழிகாட்டிகளில் பக்கம் பக்கமாக வரும் கால்சியம் ரியாக்டர் (தண்ணீரில் கால்சியம் சேர்க்கும் கருவி), தினமும் சத்து அளந்து ஊற்றும் டோசிங் எல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது. வாராவாரம் தண்ணீர் மாற்றினால் கால்சியமும் மெக்னீசியமும் தானாக நிரம்பிவிடும்.

அளக்கும் வரிசை

ஏதோ சரியில்லை என்று தோன்றியவுடன் இந்த வரிசையில் பாருங்கள். வெப்பம், உப்பளவு, அம்மோனியா, காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள். உப்பளவு 35, அதாவது ஒப்படர்த்தியில் சுமார் 1.026. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். காரத்தன்மை 7 முதல் 10 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.02 முதல் 0.1 வரை. பிஎச் 8.0-இலிருந்து 8.4. பிஎச்சைத் துரத்த வேண்டாம். மற்றவை சரியாக இருந்தால் அது தன் இடத்துக்கு வந்துவிடும். ஜன்னலைச் சாத்திய ஏசி அறையில் ராத்திரி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

உப்பளவுக்கு, ஒரு சொட்டு நீரில் ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். மிதக்கும் முள் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை நம்பாதீர்கள், முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் மாதம் ஒருமுறை 35 அளவுள்ள சோதனைத் திரவத்தை வைத்துத் திருத்த வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறது என்பதால் 35-லும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது.

உப்பு ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள். அந்தத் தம்பியின் தொட்டியில் 5 லிட்டர் உப்புநீரை எடுத்துவிட்டு 5 லிட்டர் உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றினோம். அதில் 39 என்பது 38 ஆனது. நாளுக்கு ஒன்று என்று நாலு நாளில் 35-க்குக் கொண்டுவந்தோம். ஐந்தாம் நாள் காலையில் தோல் பவளம் விரல் விரித்து நின்றது.

காரத்தன்மை குறைந்திருந்தால் சமையல் சோடாவே போதும், பேக்கிங் பவுடர் அல்ல. 200 லிட்டரில் ஒரு டிகேஎச் ஏற்ற 6 கிராம் சோடா வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

தண்ணீர்

தொட்டிக்குள் போகும் ஒவ்வொரு சொட்டும், நாம் உப்பு கரைக்கும் முன், டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரம் பலவற்றில், ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் திருகு ஒன்று இருக்கும். அதனால் குழாயில் 60, 80 என்று வரும். குடிக்க அது நல்லது. தொட்டியில் அதே தண்ணீர் சிலிக்கேட்டையும் பாஸ்பேட்டையும் கொண்டுவந்து பாசிக்குத் தீனி போடும். ஆர்ஓவுக்கு அடுத்து, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவை ஒன்று மாட்டி, கடைசியில் டிடிஎஸ் மீட்டரால் பாருங்கள். ஒன்றைத் தாண்டினால் ரெசினை மாற்றுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் ரெசின் சீக்கிரம் தீரும். அதை மாதச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே கடல் இருக்கிறதே, இரண்டு கேன் பிடித்து வரலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். கரையோரத் தண்ணீரில் நகரத்துக் கழிவு கலந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் உப்பும் குறைந்துபோகும். செயற்கை உப்பைக் கரைப்பதுதான் பத்திரம்.

கரைக்கும்போது தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து படிந்து, தண்ணீர் அரிசி கழுவியது போல வெளுத்துவிடும். அது திரும்பக் கரையாது. லிட்டருக்கு 35 முதல் 40 கிராம், பையில் போட்டிருப்பதைப் பார்த்து எடுத்து, ஒரு சின்ன பம்ப் போட்டு ஒரு ராத்திரி ஓடவிட்டு, மறுநாள் அளந்து பயன்படுத்துங்கள்.

வெயில்

ஏப்ரல், மே மாதங்களில் ஹால் 33 டிகிரி இருந்தால், விளக்கும் பம்பும் சேர்ந்து தொட்டியை 31-க்கு மேல் கொண்டுபோகும். அந்த வெப்பத்தில் பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான்.

முதல் மருந்து, மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக அடிக்கும் ஒரு சின்ன ஃபேன். இரண்டு, மூன்று டிகிரி இறக்கும். காற்றில் ஈரப்பதம் அதிகமான நாளில் அவ்வளவு இறக்காது. ஃபேன் வைத்தால் ஆவியாவதும் கூடும், நல்ல தண்ணீர் நிரப்புவதைத் தவறவிடக் கூடாது. மூன்று நாள் விட்டால் 200 லிட்டரில் 12 லிட்டர் போய் உப்பளவு 37-ஐத் தாண்டும். மீன் துள்ளி விழாமல் மேலே வலை போடுங்கள்.

இரண்டாவது, விளக்கு நேரத்தை மாற்றுங்கள். மீனுக்கும் பவளத்துக்கும் நம் கடிகாரம் தேவையில்லை. நான் கோடையில் மாலை 4 மணிக்குப் போட்டு 11 மணிக்கு அணைக்கிறேன். உச்சி வெயிலின் சூடும் விளக்கின் சூடும் ஒரே நேரத்தில் சேராது, வேலை முடிந்து வந்தபின் தொட்டியைப் பார்க்கவும் முடிகிறது.

இதற்கும் மேல் போனால், தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர்தான். சில்லர் எடுத்த சூட்டை அறைக்குள்தான் ஊதும். அலமாரிக்குள் அடைத்து வைத்தால் பயனில்லை, பால்கனிப் பக்கம் வையுங்கள். அவசரத்துக்கு ஃப்ரிட்ஜில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) மிதக்கவிடலாம். ஒரு லிட்டர் பாட்டில் 200 லிட்டரை அரை டிகிரிதான் இறக்கும் என்ற கணக்கு நினைவிருக்கட்டும். நாலைந்து பாட்டில் தயாராக இருக்க வேண்டும்.

ஹீட்டர்? ஏசி ஓடும் அறையாக இருந்தால் மட்டும். மற்றபடி சென்னையில் அதன் தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு தொட்டியை வேகவைக்கும் ஆபத்துதான் அதிகம்.

கரண்ட் போனால்

வெதுவெதுப்பான உப்புநீர் குறைவான ஆக்சிஜனையே பிடித்து வைக்கும். 27 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், கடல்நீரில் ஆறரைதான். பம்ப் நின்றால் மீன்கள் ஒரு சில மணி நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று, மாற்று பேட்டரியோடு, சம்ப் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை மட்டும் அதில் கொடுங்கள். விளக்கும் சில்லரும் தேவையில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடவே கூடாது.

கரண்ட் போகும்போது நடக்கும் இன்னொன்றைப் பலர் முதல் முறை தரையைத் துடைக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். சம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் சைஃபன் ஆகி சம்புக்கு இறங்கும். சம்பில் இடம் இல்லையென்றால் வழிந்துவிடும். இன்றே பம்பை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் இறங்கி நிற்கும் உயரத்தில் சம்பின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். பம்ப் ஓடும்போது நீர்மட்டம் எவ்வளவு இருந்தால் இந்தக் கோட்டைத் தாண்டாது என்று பார்த்து, அங்கே இரண்டாவது கோடு. திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தால் காற்று உறிஞ்சி சைஃபன் அறுந்துபோகும். அந்த ஓட்டையில் பாசி அடைத்திருக்கிறதா என்று மாதாமாதம் பல்குச்சியால் குத்திப் பாருங்கள்.

பாசியின் நிறத்தைப் படிப்பது

மணல் மேல் பழுப்பாகத் தூசி படிந்தது போல இருந்தால் டயாட்டம். புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் வரும், சிலிக்கேட் தீர்ந்தால் போய்விடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

பச்சையாக முடி போல வளர்ந்தால் தீனி அதிகம் என்று பொருள். கையால் பிடுங்குங்கள், டர்போ நத்தை விடுங்கள், உறைந்த தீனியை வடிகட்டியில் கழுவிப் போடுங்கள். தண்ணீர் மாற்றினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நைட்ரேட் 40 இருக்கும் தொட்டியில் பத்து சதவீதம் மாற்றினால் 36 ஆகும், அவ்வளவுதான். தீனியைக் குறைக்காவிட்டால் அடுத்த வாரம் மறுபடி 40. இன்னொன்று, சோதனையில் பாஸ்பேட் குறைவாகக் காட்டினாலும் நம்ப வேண்டாம், பாசியே அதைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

சிவப்பாக, பாய் போலப் படர்ந்து, உரித்தால் தோல் மாதிரி வந்தால் அது சயனோபாக்டீரியா. நீரோட்டம் எட்டாத மூலையில் வரும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு வேவ்மேக்கரைத் திருப்பி வையுங்கள்.

கடைசி வகைதான் மிகவும் படுத்தும்: பழுப்பு நிறக் கோழை, நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழோடு. டைனோஃப்ளாஜெலேட். டயாட்டமா இதுவா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். கொஞ்சம் கோழையைத் தொட்டி நீரோடு ஒரு டம்ளரில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ காகிதத்தில் வடிகட்டி, வடிந்த நீரை விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்த நீரில் மறுபடி நூல் திரண்டால் டைனோதான். மற்றப் பாசிக்குச் செய்வதற்கு நேர் எதிராக இதற்குச் செய்ய வேண்டும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டியில்தான் இது தலையெடுக்கும். ஆகவே பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், தீனியைச் சற்றுக் கூட்டுங்கள், மூன்று நாள் விளக்கை அணைத்து வையுங்கள். நானும் முதல் முறை இதைப் பச்சைப் பாசி என்று எண்ணித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மூன்று வாரத்தில் இரண்டு காளான் பவளங்கள் போயின.

பாறையில் கண்ணாடி போன்ற சின்ன அனிமோன் முளைத்தால் அது ஆய்ப்டேசியா. சுரண்டாதீர்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு புது அனிமோன் ஆகும். பெப்பர்மின்ட் இறால் ஒன்றிரண்டு விட்டால் தின்றுவிடும்.

மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி

உப்பைத் தூவியது போலப் புள்ளி வந்து, நாலைந்து நாளில் மறைந்தால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலில் கூடு கட்டி, பெருகித் திரும்ப வரும். செம்பு மருந்து அதைக் கொல்லும். ஆனால் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும், பாறையிலும் ஊறிவிடும். பவளத் தொட்டியில் செம்பு ஒரு சொட்டும் கூடாது. எல்லா மீனையும் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே சிகிச்சை கொடுங்கள். பெரிய தொட்டி மீனில்லாமல் இருக்கட்டும். இதற்குப் பழக்கத்தில் உள்ள கணக்கு 76 நாள். நீளம்தான். அதனால்தான் புது மீனை முதலிலேயே ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு 40 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, அது போதும்.

புள்ளியைவிட நுண்ணியதாக, பொன் தூசி படிந்தது போல இருந்து மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட். ஓரிரு நாளில் கொன்றுவிடும். அன்றைக்கே மாற்றுங்கள்.

எல்லா உயிரும் ஒரே நேரத்தில் தள்ளாடினால் நோயைத் தேடாதீர்கள், விஷத்தைத் தேடுங்கள். கொசுவிரட்டித் திரவம் காற்று பம்புக்குப் பக்கத்துப் பிளக்கில் இருக்கிறதா? அதில் உள்ள பைரித்ராய்டு மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. தெருவில் கொசுப்புகை அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தி, காற்று பம்பையும், நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். வேவ்மேக்கர் ஓடட்டும். சந்தேகம் என்றால் உடனே நஞ்சை உறிஞ்சும் கார்பன் புதிதாகப் போட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

வாராந்திர வேலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம். கண்ணாடியைத் தேய்ப்பது, 20 லிட்டர் மாற்றுவது, ஸ்கிம்மர் கிண்ணத்தைக் கழுவுவது, சாக்ஸ் வடிகட்டியை மாற்றுவது. மூடி ஓரத்திலும் வயர் மேலும் பூத்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடையுங்கள். அந்த உப்பு பிளக் வரை ஏறினால் தீப்பொறி வரும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் தொட்டியில் கை விடாதீர்கள்.

சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அவை வளர்ந்த பாறையைக் கொதிக்கவைக்கவோ வெந்நீரில் கழுவவோ வேண்டாம். ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். மருந்து மாத்திரைக்கு விற்கும் ஏழு அறை டப்பாவில் நாளுக்கு ஒரு சிட்டிகை அளந்து வைத்து, சம்பில் மார்க்கரால் போட்ட இரண்டாவது கோட்டைக் காட்டி, “இதுக்குக் கீழ போனா இந்த வெள்ளை கேன்ல இருக்கற தண்ணியை ஊத்துங்க, நீல கேனைத் தொடாதீங்க” என்று சொல்லுங்கள். நீல கேனில் இருப்பது உப்புநீர். மேல்மாடித் தம்பி இப்போது அதன் மேல் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்.